தனியொருவர் பணி: 'என் சரித்திரம்' பற்றிய ஒரு நோக்கு

தமிழில் எழுந்த தன்வரலாற்று நூல்களுள் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' முதன்மையான இடத்தைப் பெறுவது. 1940ஆம் ஆண்டு ஜனவரி தொடக்கம் ஆனந்த விகடன் இதழிலே தொடராக வெளிவந்து, 1942 ஏப்ரல் 28இல் ஆசிரியர் மறைந்தமையால் 122 அத்தியாயங்களோடு நின்றுபோய், 1950இல் நூலுருப் பெற்ற இவ்வாக்கம், பழந்தமிழ் நூற்பதிப்பு வரலாற்றுக்குரிய சான்றாகவே இற்றைவரை பெரும்பாலும் எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. எந்த ஏடு எந்த ஊரிற் கிடைத்தது, எந்த நூல் எந்த ஆண்டில் அச்சேறியது என்பவற்றை அறிய நாம் அதனைப் புரட்டுகிறோம். பரீட்சை முடிந்ததும் மூடிவிடுகிறோம். ஒரு வாழ்நாள் வேலை ஒருவருக்கு எவ்வாறு வாய்க்கிறது, அதனை அவர் தனியே செய்தார் என்று கூறும்போது நாம் எதனைக் கருதுகிறோம் என்னும் வினாக்களோடு அதனைப் படித்தோர் சிலரே. இக்கட்டுரை அவ்வாறு படிக்க முற்படுகிறது.

ஐயரின் பணி பற்றி எம்மிடையே இருவகை நோக்குகள் நிலவுகின்றன. ஒன்று வழிபாட்டு நோக்கு. கறையானிடமிருந்து தமிழை மீட்டெடுத்த தனிமனிதர் என்னும் சித்திரம் மேடைகளிலும் பள்ளிக்கூடப் பாடநூல்களிலும் நெடுங்காலமாக வரையப்பட்டு வருகிறது. மற்றையது, கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் வழிவந்த திறனாய்வுப் பயிற்சி எமக்குத் தந்த நோக்கு. சுதேசிகள் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடை 1835இல் நீங்கியமை, ஆங்கிலக் கல்வி பெற்ற உத்தியோக வர்க்கத்தின் எழுச்சி, அவ்வர்க்கத்துக்குத் தன் பழமையைப் பற்றிய ஆதாரங்கள் தேவைப்பட்டமை, நிலவுடைமையின் வளத்திலே தழைத்த சைவ மடங்கள், அரசாங்கக் கல்லூரியின் மாதச் சம்பளம், ஏடு தேடுவோரை ஊரூராக இட்டுச்சென்ற புகையிரதம் என்பனவெல்லாம் சந்தித்த இடத்திலே பதிப்பு முயற்சி தோன்றியது என்பது இந்நோக்கின் சாரம். இதனை இறுதிவரை நீட்டிச் சென்றால், ஐயர் இல்லாவிடின் வேறொருவர் அதனைச் செய்திருப்பார் என்ற முடிவுக்கு வந்து சேர்வோம்.

இரண்டாம் வருடத்திலே வகுப்புக் கருத்தரங்கொன்றில் நானும் இம்முடிவை வலியுறுத்திக் கட்டுரை வாசித்தேன். 'தனிமனிதர் என்பது தன்வரலாறு தோற்றுவித்த மாயை' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அது நன்றாக அமைந்துவிட்டதென்ற மகிழ்ச்சியும் எனக்கிருந்தது. விரிவுரையாளர் ஒரு வினாவை மட்டுமே எழுப்பினார்: நூலை முழுவதும் படித்தாயிற்றா? நான் படித்திருக்கவில்லை. அடுத்த விடுமுறையிலே படித்தேன். படித்தபின் அவ்வாக்கியம் பிழையென்று தோன்றவில்லை; அதனாற் பயனில்லையென்று தோன்றியது.

நூலின் அமைப்பே முதலிற் கவனத்துக்குரியது. பதிப்பாசிரியர் ஒருவரின் சரித்திரம் என்று நம்பி அதனைத் திறக்கும் வாசகர் பதிப்பைக் காண நெடுநேரம் காத்திருக்க வேண்டும். 1855இற் பிறந்த உத்தமதானபுரத்துச் சிறுவன், இராமாயணப் பிரசங்கமும் சங்கீதமும் சீவனோபாயமாகக் கொண்ட தந்தையார் வேங்கடசுப்பையரோடு ஊர்விட்டு ஊர் சென்று, கிடைத்த ஆசிரியரிடம் கிடைத்ததைக் கற்பதும், 1871இல் மாயூரத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையை அடைவதும், 1876இல் அவர் மறையும்வரை உடனிருந்து கற்பதும், பின் திருவாவடுதுறை ஆதீனத்திலே சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் வாழ்வதும், 1880இல் தியாகராச செட்டியாரின் முயற்சியாற் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராவதும் நூலின் பெரும்பகுதியைக் கொள்கின்றன. இக்காலப் பகுதி முழுவதிலும் பழைய நூல்களை மீட்கவேண்டும் என்ற எண்ணத்தின் நிழல்கூட இல்லை. அந்தாதியும் கோவையும் பிள்ளைத்தமிழும் தலபுராணமும் கற்பதும் அவற்றைப் போலப் பாடுவதுமே அவ்வுலகின் புலமை. அவ்வுலகிலே இளைஞரான சாமிநாதர் நிறைவோடு இருந்தார்.

இந்நிறைவைக் குலைத்தவர் ஓர் உத்தியோகத்தர். 1880 ஒக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்திலே முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததையும், தாம் கற்ற நூல்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவை எதனாலும் அவர் மகிழாமையையும், அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று அவர் வினாவியதையும் ஐயர் விரிவாகவே எழுதுகிறார். அக்காட்சி நூலிற் பலரும் அறிந்த காட்சி. ஆயினும் அதன் பொருளை நாம் சரியாக உணர்ந்துகொண்டோமா என்பது ஐயத்துக்குரியது. வாழ்நாள் இலட்சியம் என்றவுடன் இளமையிலேயே உள்ளத்திற் சுடர்விட்ட கனவொன்றை நாம் கற்பனை செய்கிறோம். இங்கே நடந்ததோ அதற்கு எதிரானது. கற்றவன் என்று மதிக்கப்பட்ட இருபத்தைந்து வயதினர் ஒருவர், தாம் கல்லாதவர் என்பதைப் பிறர் வாயால் அறிந்து நாணினார். நாணம் தணிவதற்காகவே சீவகசிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். படிக்கப் படிக்க விளங்காமை பெருகியது. விளங்கிக்கொள்ளும் முயற்சி பதிப்பாயிற்று. இலட்சியம் என்ற பெயர் அதற்குப் பின்னரே பொருந்துகிறது. நூலின் முற்பகுதி இத்துணை நீண்டிருப்பதற்கும் இதுவே காரணமெனக் கருதுகிறேன்: எதனை இழந்து அப்பணிக்கு வந்தார் என்பதை முதியவரான ஆசிரியர் எமக்குக் காட்டவேண்டியிருந்தது.

இனி, 'தனியே' என்ற சொல்லுக்கு வருவோம். ஐயரே தம் நூலில் அச்சொல்லுக்கு எதிரான சான்றுகளைத் தாராளமாகத் தருகிறார். சிந்தாமணியின் சமணக் கோட்பாடுகளும் வழக்குகளும் விளங்காதபோது கும்பகோணத்திலிருந்த சைனர்களை நாடினார். அழிந்துபோகும் நிலையிலிருந்ததாகக் கருதப்பட்ட காவியம் அவர்கள் வீட்டிலே பக்தியோடு படிக்கப்பட்டு, படித்து முடித்தமைக்கு விழாவும் எடுக்கப்படுவதை அங்கே கண்டார். கறையான் கதைக்கு இச்சிறு காட்சி ஒரு திருத்தம். நூல் மறையவில்லை, அதனை வைத்திருந்தோர் எமது கண்ணுக்குத் தெரியாதவர்களாக இருந்தனர். மணிமேகலையின் பௌத்தம் அவ்வாறே தடையாக நின்றபோது, கல்லூரியிலிருந்த மளூர் ரங்காசாரியர் ஆங்கில நூல்களைப் படித்து அச்சமயக் கருத்துகளை எடுத்துரைத்தார். 1898இல் வெளிவந்த பதிப்பு அத்துணையின்றி அவ்வுருவிலே அமைந்திராது. ஆழ்வார்திருநகரியிலே ஒரு கவிராயர், தம்மோடு மனத்தாங்கல் கொண்டிருந்த மாமனாரிடம் தாமே சென்று கேட்டுப் பத்துப்பாட்டுச் சுவடியைப் பெற்றுக் கொடுத்தார். அக்குடும்பப் பூசல் இன்னும் ஒருமாதம் நீடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. இவற்றோடு திருவாவடுதுறை மடத்தின் சுவடிகள், கையொப்பமிட்டு முன்பணம் அனுப்பியோர், சென்னையிலே தங்க இடமளித்தோர், அச்சுத்தாள் பார்க்க உதவியோர் அனைவரையும் சேர்த்தால் ஒரு சிறு சமூகமே எம்முன் நிற்கிறது. இந்தச் சரித்திரத்தைச் சொல்லுவதிற்கூட அவர் தனித்திருக்கவில்லை. முதுமையிலே அவருக்கு உடனிருந்து உதவியவர் மாணவரான கி. வா. ஜகந்நாதன்.

ஆகவே, தனியொருவர் என்பது மாயை என்ற என் பழைய வாக்கியத்துக்கு நூலே ஆதாரமளிக்கிறது எனலாம். ஆயின் ஓர் இடத்திலே அவ்வாக்கியம் இடறுகிறது. அவ்விடம் எமது நாட்டவர் ஒருவரோடு தொடர்புடையதாகையாற் சற்று விரிவாக நோக்குவது தகும்.

சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். அரசாங்கக் கணக்குத் திணைக்களத்திலே பணியாற்றி ஓய்வுபெற்றபின் கும்பகோணத்திலே வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். ஐயர் சிந்தாமணியோடு போராடிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே ஊரில், பிள்ளையவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885இல் வெளியிட்டார். 1887இற் கலித்தொகையை வெளியிட்டார். அதற்கு முன்னரே 1868இல் சொல்லதிகாரச் சேனாவரையமும் 1881இல் வீரசோழியமும் அவர் கையால் அச்சேறிவிட்டன. பதிப்புத் துறையிலே அவரே மூத்தவர், அநுபவமுள்ளவர், அச்சுச் செலவைத் தாங்கும் வல்லமையும் அன்று அவருக்கே இருந்தது. அவர் ஐயரிடம் சிந்தாமணிப் பிரதியைத் தம்மிடம் தருமாறும், தாம் அதனைப் பதிப்பிப்பதாகவும் கேட்டார். ஐயர் தயங்கினார், நிம்மதியிழந்தார், இறுதியில் மறுத்தார்.

இம்மறுப்பை எவ்வாறு விளங்கிக்கொள்வது? நூல் அச்சாகவேண்டும் என்பதே நோக்கமாயின், பிள்ளையின் வாதத்தில் எவ்விதக் குறையுமில்லை. ஏடுகள் நாளுக்குநாள் சிதைந்துகொண்டிருந்தன. அச்சிதைவைப் பற்றிக் கலித்தொகைப் பதிப்புரையிலே அவரைப் போல நெஞ்சுருக எழுதியவர் வேறெவருமில்லை. காலம் கடத்தலாகாது, யார் செய்தாலும் செய்யப்படட்டும் என்பதே அவர் நிலைப்பாடு. 'வேறொருவர் செய்திருப்பார்' என்று நாம் ஏட்டளவிலே கூறும் அந்த வேறொருவர், உண்மையாகவே வந்து ஐயர் வீட்டு வாயிலில் நின்றார். அவ்வேளையில் ஐயர் காரணகாரிய முறையில் ஒரு பதிலும் கூற இயலாதவராய் இருந்தார். பல ஆண்டுகள் அந்நூலோடு வாழ்ந்துவிட்டேன் என்ற உணர்வு மட்டுமே அவருக்கு எஞ்சியிருந்தது. இதிலே பொதுநலத்தைவிட உடைமையுணர்வு மேலோங்கி நின்றது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவ்வுணர்வை அவர் மறைக்காமல் எழுதியிருப்பது நூலின் நேர்மைக்குச் சான்று. பிள்ளையின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதோ எமக்குத் தெரியாது. அவர் சரித்திரம் எழுதவில்லை. அவருடைய பதிப்புரைகளே 'தாமோதரம்' என்ற பெயரில் 1971இல் தொகுத்து வெளியிடப்பட்டன. அவற்றிலே தமிழின் நிலை பற்றிய துயரம் நிறைய உண்டு, தம்மைப் பற்றிய கதை குறைவு. தன்வரலாறு எழுதியவரின் பக்கமே வரலாறு சாய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

(நாவலர் அத்திவாரமிட்டார், பிள்ளை சுவர் எழுப்பினார், ஐயர் கூரை வேய்ந்தார் என்னும் உவமையை நாமெல்லாம் பாடசாலையிலே மனனஞ் செய்தோம். கேட்பதற்கு இனியதே. ஆயினும் கட்டடத்துக்கு முன்கூட்டிய வரைபடம் ஒன்று உண்டு. இவர்களுக்கு அவ்வாறு எதுவும் இருக்கவில்லை. ஒருவருடைய சுவரின் மேல் மற்றவர் கூரை வேயவுமில்லை. இருவரும் அடுத்தடுத்த வீதிகளிலே வெவ்வேறு வீடுகளைக் கட்டினர் என்பதே பொருத்தம்.)

மறுப்பு நியாயமானதா என்ற வினாவை விடுத்து, மறுத்தபின் ஐயர் செய்தது யாது என்று நோக்கினால் விடயம் தெளிவடைகிறது. சிந்தாமணிக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் எண்ணற்ற மேற்கோள்களை எடுத்தாளுகிறார். அவை எந்நூலைச் சேர்ந்தவை என்பதைப் பல இடங்களிற் கூறுவதில்லை. மேற்கோள் விளங்காமல் உரை விளங்காது; உரை விளங்காமல் மூலம் விளங்காது. ஆகவே அம்மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று தேடப் புகுந்தார். அட்டவணை இல்லை, அகராதி இல்லை, எந்தச் சுவடியில் எந்த நூல் உள்ளது என்ற பட்டியலும் இல்லை. கிடைத்த பழஞ்சுவடிகளையெல்லாம் படித்து மனத்தில் இருத்திக்கொண்டு, ஓரிடத்திற் கண்ட அடியை வேறோரிடத்தில் எதிர்ப்படும்போது இனங்கண்டுகொள்வதே அன்றிருந்த ஒரே வழி. பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவர் பார்வைக்குள் வந்தது இவ்வழியிலேதான். சிந்தாமணிக்குப் பொருள் காணப் புறப்பட்டவருக்குச் சங்க இலக்கியம் வழியிலே எதிர்ப்பட்டது.

இங்கேதான் தனிமை என்பது வெறும் பாவனையாக இல்லாமல் வேலையின் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. ஏடு தேடுவதைப் பலருக்குப் பங்கிடலாம். படியெடுத்தலைப் பங்கிடலாம். பணம் திரட்டுவதைப் பங்கிடலாம். இந்த அடியும் அந்த அடியும் ஒன்றே என்று இனங்காணுதல் மட்டும் இரு தலைகளுக்குள் நிகழ முடியாதது. இரண்டு அடிகளும் ஒரே நினைவிற் கிடந்தால்தான் அவை சந்திக்கும். சமூகப் பின்னணி என்று நாம் திரட்டிவைக்கும் காரணங்களுள் எதுவும் இந்தச் சந்திப்பை நிகழ்த்தித் தராது. அது நிகழ்வதற்கு வேண்டிய சாப்பாட்டையும் விளக்கெண்ணெயையும் விடுமுறையையும் மட்டுமே அவை தரும். கும்பகோணம் கல்லூரியின் 50 ரூபாய்ச் சம்பளத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மீனாட்சிசுந்தரம்பிள்ளை போன்ற பெரும்புலவர் கடனோடு வாழ்ந்து மறைந்ததை அருகிருந்து கண்ட மாணவருக்கு, மாதந்தோறும் தவறாமல் வரும் அத்தொகையின் அருமை தெரிந்திருக்கும். வழக்கறிஞராகவும், பின்னர் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பொறுப்புகள் சுமந்த தாமோதரம்பிள்ளைக்கு அத்தகைய ஓய்வு கிடைத்ததா என்று கேட்பதும் நியாயமே. ஆனால் அதே சம்பளத்தை அக்காலத்திலே பல தமிழாசிரியர் பெற்றனர்.

பாடம் தெரிதலும் இத்தகையதே. இதனை நான் நூலிலிருந்து மட்டும் அறிந்துகொள்ளவில்லை. சென்ற வருடம் எமது ஊரில் ஆடப்பட்ட இராமாயணக் கூத்து ஒன்றின் கொப்பிகள் இரண்டு என் கைக்கு வந்தன. இரண்டும் ஒரே அண்ணாவியாரிடம் கற்றோர் வெவ்வேறு காலத்தில் எழுதிக்கொண்டவை. ஒப்பிட்டுப் படியெடுப்பது இலகுவான வேலை என்றே தொடங்கினேன். இராவணன் சபையிலே அநுமன் கட்டுண்டு நிற்கும் கட்டத்தில் ஒரு கொப்பி 'வாளொடு எழுந்தான்' என்கிறது. மற்றது 'வாலொடு எழுந்தான்' என்கிறது. முன்னதாயின் எழுந்தவன் இராவணன், பின்னதாயின் அநுமன். எழுந்தவன் யாரென்பதைப் பொறுத்து அடுத்து வரும் தருவை யார் பாடுவது என்பதும் மாறுகிறது. அண்ணாவியார் காலமாகிவிட்டார். அக்கூத்திலே ஆடியவர்களுள் இன்றிருப்போர் இருவரிடம் கேட்டேன். ஒருவர் சற்றும் தயங்காமல் வாள் என்றார். மற்றவர், "ரெண்டும் ஒண்டுதானே தம்பி, சபையில ஆரும் எழும்பினால் சரி" என்றார். கேட்கக்கூடிய எல்லோரையும் கேட்டு முடிந்தபின்னும் முடிவு என்னிடமே கிடந்தது. ஓர் எழுத்துக்கே இப்பாடு. சிந்தாமணி மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்டது. ஊருக்கு ஊர் பிரதிகள் வேறுபட்டன. 1880இலே தொடங்கிய வேலை 1887வரை நீண்டது என்று வாசிக்கும்போது, ஏன் ஏழு ஆண்டுகள் என்று முன்பு வியந்தேன். ஏழே ஆண்டுகளா என்று இப்போது வியக்கிறேன்.

பொறுமை என்ற சொல்லை ஐயர் விடயத்தில் நாம் எளிதாகப் பயன்படுத்திவிடுகிறோம். சரித்திரத்திலே காணப்படும் ஐயர் பொறுமையான சுபாவமுடையவர் அல்லர்; விரைவில் மனம் கலங்குபவர், பாராட்டுக்கு ஏங்குபவர், கண்டனத்தாற் புண்படுபவர். சிந்தாமணி வெளிவந்தபின் எழுந்த கண்டனத் துண்டுப்பிரசுரங்கள் அவரை எவ்வளவு வருத்தின என்பதை ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அவர் மறக்கவில்லை. பொறுமை அவருடைய குணமாக இருக்கவில்லை, அவர் வேலையின் முறையாக இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று குறித்துவைத்து அடுத்த ஏடு வரும்வரை காத்திருத்தல், அச்சானதையே முடிந்த முடிபாகக் கொள்ளாமை என்பன அம்முறையின் கூறுகள். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல் வெளிவந்தபோது, இடைப்பட்ட இருபது ஆண்டுகளிலே பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898), ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904) ஆகியவற்றாற் பெற்ற அறிவெல்லாம் அதற்குள் வந்து சேர்ந்தது. முதற் பதிப்பிலே விளங்காதிருந்தது இரண்டாவதில் விளங்கியது என்று ஒப்புக்கொள்வதிலே அவருக்கு நாணம் இருக்கவில்லை. 1880இல் உற்ற நாணத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஐயர் பதிப்புகளின் முன்னும் பின்னும் அமைந்துள்ள பகுதிகளை நாம் பெரும்பாலும் படிப்பதில்லை. நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, பாடபேதம், அரும்பதங்களின் அகராதி, மேற்கோள் விளக்கம் என்று அவை விரிகின்றன. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகள் கால ஆராய்ச்சியிலும் விவாதத்திலும் வலிமையுடையன. ஆயினும் இவ்வளவு விரிந்த துணைப்பகுதிகளை அவர் பதிப்புகளிற் காண முடியாது. ஐயரின் இந்த அகராதிகளையே அவருடைய பணியின் உச்சமாக நான் கருதுகிறேன். நச்சினார்க்கினியர் சொல்லாது விட்டதை அறிய ஐயர் ஒருவருடைய நினைவு முழுவதும் தேவைப்பட்டது. அந்நினைவை அவர் அகரவரிசையில் இறக்கிவைத்தார். அதன்பின் ஓர் அடி எங்கே வருகிறது என்றறிய எவரும் பல ஆண்டுகள் தனித்திருக்கத் தேவையில்லை; பக்கத்தைப் புரட்டினாற் போதும். இரண்டாம் வருட மாணவன் ஒருவன் நூலகத்திலே அரைமணி நேரத்தில் ஒரு சொல்லின் ஆட்சியைத் திரட்டிக்கொண்டு, தனிமனிதர் என்பது மாயை என்று கருத்தரங்கிலே வாசிக்க முடிந்தமைக்கும் அவ்வகராதிகளே காரணம்.

நூலின் குறைகளையும் கூறவேண்டும். ஆசிரியருடைய திருமணம் விரிவாகச் சொல்லப்படுகிறது. அதன்பின் மனைவியார் அரிதாகவே தோன்றுகிறார். சுவடிகள் நிறைந்த அவ்வீட்டை நடத்தியவர், விடுமுறைதோறும் ஏடு தேடிப் புறப்பட்டவர் திரும்பிவரும்வரை குடும்பத்தைத் தாங்கியவர் யார் என்ற வினாவுக்கு நூலிற் போதிய விடையில்லை. ஏட்டுச்சுவடி கொடுத்த கவிராயர்களின் பெயர்களை நன்றியோடு ஒவ்வொன்றாகச் சொல்லும் ஆசிரியருக்கு இந்த நன்றி சொல்லத் தோன்றாதது அக்கால ஆண்களின் பொதுக்குறையெனலாம், பொதுக்குறையாயினும் குறையே. அவ்வாறே, மடத்தைப் பற்றிய சித்திரத்தில் விமரிசனம் மிகக் குறைவு. மடத்துச் செல்வம் எவருடைய உழைப்பால் வந்தது என்று நூல் கேட்பதில்லை. எமது திறனாய்வு மரபு இத்தகைய வினாக்களை எழுப்பக் கற்றுத் தந்தமைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே பழுதுற்ற ஏடுகள் ஆகம விதியென்று கூறி நெய்யில் நனைத்து அக்கினியில் இடப்பட்ட செய்தியை ஐயர் வேதனையோடு எழுதுகிறார். 1981ஆம் ஆண்டின் அந்த ஜூன் முதலாம் நாளுக்குப் பின்னர், சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்த ஊரைச் சேர்ந்தோர் இப்பகுதியை வேறொருவகையில் வாசிக்கிறோம். கரிவலம்வந்தநல்லூரில் எரித்தவர்கள் தாம் எரித்தது யாதென அறியாதவர்கள்.

சரித்திரம் மணிமேகலை வெளிவந்த காலத்தையடுத்து நின்றுவிடுகிறது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஐயர் வேலை செய்தார். பரிபாடல் 1918இலும் பெருங்கதை 1924இலும் வெளிவந்தன. 1937இலே, எண்பத்திரண்டு வயதில், குறுந்தொகையைத் தாமே உரை வகுத்துப் பதிப்பித்தார். அந்நூலை 1915இலேயே சௌரிப்பெருமாளரங்கன் அச்சிட்டிருந்தார். பழைய உரை கிடைக்கவில்லை. நச்சினார்க்கினியரைப் பொருள்கொள்ள முடியாமல் தவித்தவர், அரைநூற்றாண்டு கழித்து உரையாசிரியரின் ஆசனத்திலே தாமே அமரவேண்டியிருந்தது. அவ்வாறு அமர்ந்தபோது அவர் எவ்வாறு உணர்ந்தார் என்பதைச் சொல்லக்கூடிய அத்தியாயம் எழுதப்படவில்லை. குறுந்தொகைப் பதிப்பின் அடிக்குறிப்புகளிலும் ஒப்புமைப் பகுதிகளிலுமே இனி அதனைத் தேடவேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் எழுதிவிட்டு எதனையும் தள்ளாமல் விட்ட இடங்களை நான் குறித்துவரத் தொடங்கியிருக்கிறேன். கூத்துக்கொப்பியின் அந்த அடியும் என் படியிலே இன்னும் பென்சிலிலேதான் இருக்கிறது.